வீடும் வளரும், பிள்ளையும் வளரும்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்காக 2015 பெப்ரவரியில் வற்றாப்பளையில் நடைபெற்ற கூட்டத்தில், அதே ஊரைச் சேர்ந்த தாய் ஒருவர் ஆற்றிய உரை. அவருடைய விருப்பப்படி பெயர் குறிப்பிடப்படவில்லை.)



கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் அம்மாமார் நிழல் பக்கமாக இருந்துகொள்ளுங்கள். பிள்ளை அழுதால் எழும்பிப் போகத் தேவையில்லை. பிள்ளை அழுகிற சத்தத்துக்கு மேலால் பேசிப் பழகினவள்தான் நானும்.

என்னை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அம்மன் கோயிலைத் தாண்டி நந்திக்கடல் பக்கம் போகிற ஒழுங்கையில், வெளிச்சுவர் பூசாத வீடு ஒன்று இருக்கிறது. சுவரில் கல் அப்படியே தெரியும். முன் விறாந்தைக்குத் தூண் மட்டும் நிற்கிறது, கூரை இல்லை. ஆனால் உள்ளே ஒரு அறை மட்டும் முழுதாக முடிந்திருக்கிறது. நிலத்துக்குச் சீமெந்து போட்டு, சுவர் பூசி, வெள்ளை அடித்து, யன்னலுக்கு வலை அடித்த அறை. அதுதான் எங்கள் வீடு. அந்த அறையைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் உத்தியோகத்தர் இல்லை. என் கணவர் நந்திக்கடலில் இறால் பிடிக்கிறவர். மெனிக்பாம் முகாமிலிருந்து வந்து, தகரக் கொட்டிலில் இருந்து, வயிற்றில் பிள்ளையோடு வீட்டு வேலையைத் தொடங்கி, பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகும் முடிக்காமல் இருக்கிறவர்கள் நாங்கள். கட்டி முடித்தவர்களிடம் கேட்க வேண்டியவை வேறு. கட்டிக்கொண்டிருக்கிறவளுக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

காணிக்குள் முதல் நாள்

செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. அதற்கு முன்னரே ஊருக்கு வந்தவர்கள் இருக்கிறீர்கள். உறவினர் வீடுகளில் இருந்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள். இந்தியாவிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறவர்களும் இருக்கிறீர்கள். எப்போது வந்தாலும் முதல் நாள் எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான். எல்லைக் கல் தெரியாது. ஆள் உயரத்துக்குப் பற்றை. கிணற்றுக்குள் குப்பை. தலையில்லாத தென்னை. எங்கள் பழைய வீட்டில் மிஞ்சியது மூன்று படியும் ஒரு கிணறும்தான்.

என் கணவர் வந்த கையோடு பற்றைக்கு நெருப்பு வைக்கப் பார்த்தார். பக்கத்துக் காணி அண்ணைதான் ஓடிவந்து தடுத்தார். கண்ணிவெடி அகற்றிய காணி என்று சொல்லப்பட்டாலும், மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று நெருப்புக்குத் தெரியாது. புதிதாக வந்தவர்களுக்கு இதை முதலில் சொல்கிறேன். குப்பையைத் துப்புரவான இடத்துக்கு இழுத்து வந்து, மண் தெரிகிற நிலத்தில் எரியுங்கள். அத்திவாரம் வெட்டும்போதோ மலசலகூடக் குழி வெட்டும்போதோ தெரியாத இரும்புச் சாமான் தட்டுப்பட்டால் மண்வெட்டியை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு விலகி வாருங்கள். தொடாதீர்கள், தூக்கிப் பார்க்காதீர்கள். இடத்தை அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். தவழுகிற பிள்ளை கையில் அகப்பட்டதை வாயில் வைக்கும் என்பதை நினைத்தால் இந்தக் கவனம் தானாக வரும்.

வயிற்றில் பிள்ளை, பட்டியலில் பெயர்

2013ஆம் ஆண்டு வீட்டுத்திட்டப் பட்டியலில் எங்கள் பெயர் வந்தபோது எனக்கு ஆறு மாதம். மாமிக்குச் சந்தோசமும் பயமும் ஒன்றாக வந்துவிட்டன. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வீட்டு வேலை தொடங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். "நிலத்தை வெட்டாதையுங்கோ, பிள்ளை பிறக்கட்டும்" என்று மாமி ஒரே பிடியாக நின்றா. கணவரோ, "இப்ப தொடங்காட்டில் பேரை வெட்டிப்போடுவினம்" என்று நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் இரண்டு கிழமை நித்திரை கொள்ளவில்லை.

கடைசியில் நானே போய்த் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. அத்திவாரத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை எவ்வளவோ இருக்கிறதே, அவற்றை இப்போது செய்யுங்கள் என்றார். அப்படியே செய்தோம். பற்றை வெட்டினோம், கிணறு இறைத்தோம், கல் அரிய மணல் பறித்தோம். அத்திவாரக் கல்லைப் பிள்ளை பிறந்து முப்பத்தொன்று கழிந்த பிறகு வைப்பது என்று முடிவாயிற்று. மாமியின் மனமும் நோகவில்லை, பெயரும் வெட்டுப்படவில்லை. உங்கள் வீட்டில் கர்ப்பிணித் தாய் இருந்தால், அல்லது பச்சைக் குழந்தை இருந்தால், அதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் பிறகு காரணம் சொல்ல முடியாது.

வீட்டுத்திட்டம் எப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2012 ஜனவரியில் இரண்டு அரசுகளும் உடன்படிக்கை செய்து, அந்த ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா. வீட்டுக்காரர் தாங்களே நின்று கட்ட வேண்டும். காசு அவர்களுடைய வங்கிக் கணக்குக்குக் கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம் முடிந்து, உத்தியோகத்தர் வந்து பார்த்த பிறகுதான் சுவருக்குக் காசு. சுவர் முடிந்தால் கூரைக்கு. வேறு திட்டங்களிலும் ஏறக்குறைய இதே முறைதான். இந்த முறை எங்களோடு தொடங்கியதும் அல்ல. 2001 ஜனவரி 26இல் குஜராத்தில் பூகம்பம் வந்து இலட்சக்கணக்கான வீடுகள் விழுந்தபோதும் அங்குள்ள சனங்கள் இப்படித்தான், கட்டக் காசை எடுத்துத் தங்கள் கையால் வீட்டைத் திரும்பக் கட்டினார்கள்.

இந்த முறையில் நன்மை இருக்கிறது. எங்கே கதவு, எங்கே குசினி என்று நாங்களே தீர்மானிக்கலாம். கஷ்டமும் இருக்கிறது. ஒரு கட்டம் தடைப்பட்டால் எல்லாம் நின்றுவிடும். நின்ற வேலையைப் பார்த்துக்கொண்டு கொட்டிலுக்குள் பிள்ளையோடு இருப்பதுதான் மனத்தைத் தின்கிற காலம்.

ஒரு ஆணி, இரண்டு கொப்பி

மகள் 2013 ஐப்பசியில் மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மழையும் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் ஐப்பசியிலிருந்து மார்கழி தாண்டும் வரை என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அத்திவாரத்துக்கு வெட்டிய வாய்க்கால் குளமாயிற்று. மணல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒழுங்கையில் புதைந்தது. நாட்கல் வைத்ததோடு சரி. தை பிறக்கும் வரை ஒரு கல் கூட ஏறவில்லை.

கொட்டிலின் நடுக்கப்பில் ஒரு ஆணி இருந்தது. அதில் ஒரு பொலித்தீன் பை தொங்கியது. அதற்குள் இரண்டு கொப்பி. ஒன்று வீட்டுக் கொப்பி. எத்தனை பை சீமெந்து, எத்தனை லோட் மணல், மேசனுக்கு எவ்வளவு, எந்தக் கட்டக் காசு எப்போது வந்தது என்று நான் எழுதி வைத்தது. மற்றது ஆஸ்பத்திரியில் தந்த பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு. மழைக்கு நனையாத ஒரே இடம் அந்த ஆணி என்பதால்தான் இரண்டும் ஒன்றாகத் தொங்கின. வேறு காரணம் இல்லை.

கார்த்திகையிலும் மார்கழியிலும் வீட்டுக் கொப்பியில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் மற்றக் கொப்பியில் குடும்பநல உத்தியோகத்தர் வந்து வந்து எழுதினா. தொப்புள் காய்ந்தது. எடை கூடியது. இரண்டாம் மாதத் தடுப்பூசி போட்டாயிற்று. ஒரு நாள் இரவு, தகரத்தில் மழை அடிக்க, நித்திரை வராமல் அந்தக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். எடைக் கோடு ஏறிக்கொண்டு போகிறது. எங்கள் காணியில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அதே இரண்டு மாதத்துக்குள் அது நடந்திருக்கிறது.

எனக்கு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அந்த இரவைத்தான் சொல்வேன். வீடு நிற்கிற மாதத்திலும் பிள்ளை நிற்காது. வீடு மழைக்குக் காத்திருக்கும், காசுக்குக் காத்திருக்கும், மேசனுக்குக் காத்திருக்கும். பிள்ளை ஒன்றுக்கும் காத்திருக்காது. இதற்குள் ஒரு ஆறுதலும் இருக்கிறது, ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. எச்சரிக்கையை நான் நான்கு மாதம் கழித்துத்தான் படித்தேன்.

கோடு ஏறாத மாதம்

2014ஆம் ஆண்டு வறட்சியை மறந்திருக்க மாட்டீர்கள். கிணறுகள் அடி கண்டன. அந்த மாசி, பங்குனியில்தான் எங்கள் சுவர் எழும்பியது. கட்டின சுவருக்குக் குறைந்தது ஏழு நாளாவது காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் சீமெந்து பலம் பிடிக்காது என்று மேசன் அண்ணை சொல்லியிருந்தார். கணவர் இரவில் கடலுக்குப் போய், பகலில் கல் தூக்கினார். தண்ணீர் அள்ளி ஊற்றுவது என் வேலை. எங்கள் கிணறு வற்றி, இரண்டு காணி தாண்டிப் போய் அள்ளினேன்.

வைகாசிப் பொங்கலுக்கு முதல் கூரை போட்டுவிட வேண்டும் என்பது கணவருடைய பிடி. பொங்கலுக்கு எங்கெங்கோ இருந்து சொந்தக்காரர் வருவார்கள். அவர்களைத் தகரக் கொட்டிலுக்குள் இருத்த அவருக்கு மனமில்லை. எனக்கும்தான். ஆகவே பிள்ளையை மாமியோடு ஏணையில் விட்டுவிட்டு நாள் முழுக்க வேலை செய்தேன். பால் கட்டும், நோகும், பிறகு கொடுப்போம் என்று இருந்துவிடுவேன். பிள்ளை அழுதால் மாமி சீனித் தண்ணீர் கொடுத்தா. அவவில் பிழை இல்லை. அவவுடைய காலத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

ஆறாம் மாத ஊசிக்குக் கிளினிக்குக்குக் கொண்டு போனேன். மிஸ் நிறுத்துப் பார்த்தா. திரும்பவும் நிறுத்தா. பிறகு கொப்பியை என் பக்கம் திருப்பிக் காட்டினா. இரண்டு மாதமாகக் கோடு படுத்திருந்தது.

"என்ன தங்கச்சி நடந்தது?" என்று கேட்டா.

"வீட்டு வேலை மிஸ்" என்றேன்.

"வீடு ஆருக்கு?" என்று கேட்டா.

வேறொன்றும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிரவு நானும் கணவரும் பேசினோம். கோபமாகத்தான் பேசினோம். "இன்னும் ரெண்டு கிழமைதானே, லிண்டல் மட்டத்துக்கு வந்திட்டம்" என்றார். "இஞ்சாருங்கோ, நான் நாளைக்குத் தண்ணி அள்ளமாட்டன்" என்றேன். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. எனக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்ற ஆள் பிடித்தால் கூலி கொடுக்க வேண்டும், அந்தக் காசு எங்களிடம் இல்லை. ஆள் பிடிக்காமல் விட்டால் வேலை பிந்தும். வேலை பிந்தினால் அடுத்த கட்டக் காசும் பிந்தும். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். அவர் வெளியே போய்ப் படியில் நெடுநேரம் இருந்தார். விடிய எழும்பி மேசனிடம் போய், மூன்று கிழமைக்கு வேலையை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த மூன்று கிழமையும் நான் செய்தது இவ்வளவுதான். பிள்ளை கேட்கிற நேரமெல்லாம் பால் கொடுத்தேன். ஆறு மாதம் முடிந்திருந்தபடியால் மிஸ் சொன்னபடி சோற்றை நன்றாக மசித்து, பருப்பும் கீரையும் சேர்த்து, பிறகு மீனும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினேன். நானும் நேரத்துக்குச் சாப்பிட்டேன். கிளினிக்கில் தந்த திரிபோஷாவைக் கொடுத்தேன். கணவர் பகலில் நித்திரை கொண்டார். அவருக்கும் அது தேவைப்பட்டிருக்கிறது என்று பிறகுதான் விளங்கியது. அடுத்த மாதம் கோடு எழும்பியது.

வைகாசிப் பொங்கல் வந்தது. எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. சொந்தக்காரர் வந்தார்கள். மரநிழலில் பாய் விரித்து இருந்தார்கள். ஒருவரும் கூரையைக் கேட்கவில்லை. பிள்ளையைத்தான் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கினார்கள்.

முதலில் ஒரு அறை

பொங்கல் கழிந்த பிறகு திட்டத்தை மாற்றினோம். அதுவரை முழு வீட்டையும் ஒன்றாக முடிப்பது என்று நினைத்திருந்தோம். முழுவதற்கும் கொஞ்சம் கொஞ்சம் செய்தால் முழுவதும் குறையாகவே கிடக்கும். ஆகவே கூரை ஏறியவுடன் ஒரு அறையை மட்டும் எடுத்து முடிப்போம், அடுத்த மழைக்கு முதல் பிள்ளை அதற்குள் படுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

எந்த அறை என்பதையும் யோசித்தோம். குசினிப் புகை வராத அறை. காலை வெயில் விழும் அறை. சீமெந்து, மணல் வைத்திருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். ஆவணியில் கூரை ஏறியது. புரட்டாதியில் அந்த அறைக்கு நிலம் போட்டு, பூசி, காய விட்டு, யன்னலுக்கு வலையும் கதவுக்குக் கொண்டியும் போட்டோம். மகளின் முதலாவது பிறந்தநாளுக்கு அவள் அந்த நிலத்தில் தவழ்ந்தாள். வெளியே மழை.

அறை என்றால் சுவர் மட்டும் இல்லை. காய்ந்த, பூட்டக்கூடிய, துப்புரவான ஓர் இடம் பிள்ளைக்கு வேண்டும் என்பதுதான் விசயம். இன்னும் கொட்டிலில் இருக்கிறவர்களும் இன்றைக்கே அதைச் செய்யலாம். ஒரு மூலையை ஒதுக்குங்கள். நிலத்தை மேடாக்கி மெழுகுங்கள். தறப்பாளால் மறையுங்கள். அந்த மூலைக்குள் சீமெந்துப் பையோ ஆணிப் பெட்டியோ மண்ணெண்ணெய்ப் போத்தலோ வைப்பதில்லை என்று எல்லோரும் ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கட்டிலோ வாங்கோ இருந்தால் அதில் படுக்கவிட்டு, நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். கல்லும் ஓடும் அடுக்கி வைத்த இடத்துக்குப் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் வெறுந்தரையில் படுத்திருக்கிறவர்களைக் கடிக்கும், கடித்தது தெரியாமலும் இருக்கலாம். அடுக்குகளைப் படுக்கிற இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

கடன் பற்றி ஒரு வார்த்தை

எங்கள் வீட்டு முன்னால் கூரையில்லாத தூண் நிற்கிறது என்றேனே, அது எங்கள் பிழையின் அடையாளம். திட்டத்தில் இல்லாத விறாந்தை. "கட்டுறதோட கட்டுவம், பிறகு எப்ப கட்டிறது" என்று இறங்கினோம். மேசன் கூலிக்குக் காசு முடிந்துவிட்டது. மகளுக்கு முப்பத்தொன்றுக்குப் போட்ட பஞ்சாயுதத்தை அடகு வைத்தோம். உண்மையைச் சொல்கிறேன், இன்னும் மீட்கவில்லை. கழுத்து வெறுமையாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தூணையும் பார்க்கிறேன்.

கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய குழுக்கடன் தருகிறோம் என்று வீடு தேடி வருவார்கள். கடல் தொழிலும் கூலி வேலையும் கிழமைக்குக் கிழமை ஒரே மாதிரி வராது. தவணைக் காசு பிள்ளையின் சாப்பாட்டிலிருந்துதான் போகும். தரும் காசுக்குள் அடங்குகிற வீட்டைக் கட்டுங்கள். பெருப்பிப்பதற்கு இடத்தை விட்டு வையுங்கள். காணி எங்கேயும் ஓடாது.

மனம் சோர்கிற நாட்கள்

இதைச் சொல்லாமல் போனால் நான் பாதியைத்தான் சொன்னவளாவேன். நிலை வைத்த அன்று, மஞ்சளும் குங்குமமும் பூசி, நிலையில் சீலை கட்டி, எல்லோரும் நின்றபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. என் அம்மா 2009இல் எங்களோடு வரவில்லை. பிள்ளைப்பெத்துக்கும் அவ இல்லை, சரக்குக் கறி காய்ச்சவும் அவ இல்லை, நிலை வைக்கவும் அவ இல்லை. இங்கே இருக்கிறவர்களில் இப்படி ஒருவரை நினைக்காதவர் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். நம்பிக்கையாக இருங்கள் என்று நான் சொல்வதை, மறந்துவிடுங்கள் என்று எடுக்காதீர்கள். நான் அன்று அழுதுவிட்டுத்தான் பால் காய்ச்சினேன்.

ஆனால் இன்னொரு விதமான சோர்வு இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு கிழமைக் கணக்கில் நித்திரை வராமல் இருப்பது, காரணமில்லாமல் அழுகை வருவது, பிள்ளையைப் பார்க்கவே மனம் இல்லாமல் போவது, இருந்து என்ன என்று தோன்றுவது. இது சோம்பல் இல்லை, குணக்கேடும் இல்லை. பிள்ளை பெற்ற எத்தனையோ தாய்மாருக்கு வருகிற நோய், சுகமாகக்கூடிய நோய். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் உங்களை வைத்தியரிடம் அனுப்புவார். சொல்ல வாய் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி, அவளைச் சொல்லச் சொல்லுங்கள். ஆண்களும் சொல்லலாம். என் கணவர் படியில் இருந்த அந்த இரவில் அவருக்கும் ஒருவர் தேவைப்பட்டிருக்கும்.

பகிர்ந்து செய்தால்

எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீடு ஒரே நேரத்தில் கட்டுப்பட்டன. அதில் இரண்டு வீட்டில் ஆம்பிளை இல்லை. ஒருவருக்கு ஒருவர் கைமாற்றாகக் கல் அரிந்தோம். பிள்ளைகளைப் பார்க்கிறதையும் அப்படியே முறை வைத்தோம். ஒரு நாளைக்கு ஒருத்தி வேலைக்குப் போகாமல் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு வேம்பின் கீழ் வைத்துப் பார்ப்பாள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை அழுதால் தாயைக் கூப்பிட்டு அனுப்புவாள். இதற்கு ஒரு நிறுவனமும் தேவைப்படவில்லை. காசும் தேவைப்படவில்லை. இதை முதலே செய்திருந்தால் என் மகளின் கோடு படுத்திருக்காது.

தகப்பன்மாருக்கு ஒன்று. கல் தூக்குகிறது மட்டும்தான் வீட்டு வேலை என்று நினைக்காதீர்கள். தண்ணீர் கொதிக்க வைப்பதும், துணி தோய்ப்பதும், தாய் ஒரு மணித்தியாலம் படுக்கப் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதும் வீடு கட்டுகிற வேலைதான். தூக்க முன்னர் சீமெந்துக் கையைக் கழுவி, சேட்டை மாற்றுங்கள். ஈரச் சீமெந்து பிள்ளையின் தோலைப் புண்ணாக்கும்.

கொப்பியில் எழுதி வைக்க வேண்டியவை

இந்தக் கூட்டம் முடிந்து போகும்போது எல்லாம் நினைவில் நிற்காது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதியுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணிப் பத்திரம், வங்கிப் புத்தகம், பிள்ளையின் பதிவேடு எல்லாவற்றையும் ஒரே நனையாத பையில் வையுங்கள்.

2. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சீனித் தண்ணீர், மல்லித் தண்ணீர் தேவையில்லை. அதற்குப் பிறகு தாய்ப்பாலோடு மசித்த உணவு.

3. 2, 4, 6ஆம் மாதத் தடுப்பூசிகளையும் அதற்குப் பின் உள்ளவற்றையும் வீட்டு வேலைக்காகத் தள்ளிப் போடாதீர்கள். மாதம் தவறாமல் எடை பாருங்கள்.

4. புதிதாகத் துப்புரவாக்கிய கிணற்றுக்குக் குளோரின் போடப் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கேளுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றுங்கள். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும்.

5. கிணற்றைச் சுற்றிக் கட்டு எழுப்பும் வரை வேலி போடுங்கள். வெட்டிய குழியைப் பலகையால் மூடுங்கள். சுவருக்கு ஊற்ற நிரப்பி வைத்த பீப்பாவையும் வாளியையும் திறந்தபடி விடாதீர்கள். தவழுகிற பிள்ளைக்கு வாளித் தண்ணீரே ஆபத்து.

6. கூரைச் சீற்றைப் பிள்ளை இருக்கிற பக்கத்தில் வெட்டாதீர்கள். நனைத்து, வெளியில் வைத்து வெட்டுங்கள். தூசைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள்.

7. வயிற்றோட்டம் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தாமல், ஜீவனி கரைத்துக் கொடுங்கள். பிள்ளை சோர்ந்தால், கண் குழி விழுந்தால், குடிக்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

8. ஏணையைப் புதிதாக ஏற்றிய தீராந்தியிலோ கட்டி முடியாத சுவரிலோ கட்டாதீர்கள்.

9. வேலை நிற்கும் மாதத்தில், நின்றதற்கான காரணத்தையும் திகதியையும் வீட்டுக் கொப்பியில் எழுதுங்கள். உத்தியோகத்தரிடம் பேச அது உதவும். பிறகு மற்றக் கொப்பியையும் திறந்து பாருங்கள்.

முடிப்பதற்கு முதல் ஒரு சின்ன விசயம். பழைய வீட்டின் மூன்று படி மிஞ்சியது என்றேன். புது வீட்டை அந்தப் படிக்கு நேராகத்தான் எடுத்தோம். உடைத்துப் போடுவோம் என்று மேசன் அண்ணை சொன்னார், மாமி விடவில்லை. போன மாதம் மகள் அந்தப் படியைப் பிடித்து எழும்பி நின்றாள். பிறகு கையை விட்டுவிட்டு இரண்டு அடி வைத்தாள். வெளிச்சுவர் இன்னும் பூசவில்லை. இந்தச் சிறுபோகத்தில் கூலி வேலையும் கிடைத்து, இறாலும் பட்டால், முதலில் பஞ்சாயுதத்தை மீட்பது, அதற்குப் பிறகுதான் சுவர் என்று பேசி வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டு வேலை எந்தக் கட்டத்தில் நின்றாலும் அடுத்த கிளினிக் நாளை மறக்காமல் வாருங்கள். நானும் அங்கேதான் வரிசையில் இருப்பேன். வந்து கதையுங்கள்.